கலசப்பாக்கத்திலிருந்து கடலுக்கு ஒரு கயாக்

ஜவ்வாது மலையில் பெய்யும் மழை செய்யாறாகிக் கலசப்பாக்கத்தைக் கடக்கிறது. பின் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே வங்கக் கடலில் சேர்கிறது. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி அந்த ஆற்றில் மணல்தான். கடலில் துடுப்பு போட ஆசைப்படும் இவ்வூர்க்காரர், மரக்காணத்துக்கோ புதுச்சேரிக்கோ நூறு கிலோமீட்டருக்கு மேல் படகைக் காரின் மேல் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஒன்றுக்கு மேல் வாங்கி வைக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. கொந்தளிப்புக்கும் நாலைந்து நாள் பயணத்துக்கும் ஒரே படகு போதுமானதாக இருக்க வேண்டும்.

கடையின் விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் கரையைப் பாருங்கள். நம் கிழக்குக் கடற்கரையில் படகுக்குக் கடினமான இடம் நடுக்கடல் அல்ல, கரையோரத்து அலைதான். சரிவான மணற்கரையில் அலை ஒரேயடியாக மடிந்து விழுகிறது. காலையும் மாலையும் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கட்டுமரம் இந்த இடத்துக்காகவே உருவானது: நீர் நிரம்பப் பள்ளம் கிடையாது, ஏறிய தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியே இறங்கிவிடும். மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக்கும் அதே வகைதான். பிச்சாவரம் போன்ற கழிமுகங்களுக்கு அது போதும். சாமான் ஏற்றிக் கரையோரமாக நாள்கணக்கில் போக, மேல்தளம் மூடிய, முன்னும் பின்னும் நீர்புகா அறைகள் கொண்ட கடல் கயாக் வேண்டும்.

அடுத்தது நீளம். நீளமான படகு நேராக, வேகமாக ஓடும். 1975இல் நார்வேயின் வடமுனைப் பயணத்துக்காக ஃப்ராங்க் குட்மன் வடிவமைத்த நார்ட்காப், ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமும் 53 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. 1977இல் கேப் ஹார்னையே சுற்றிவந்த வடிவம் அது. அதை மதிக்கிறேன், ஆனால் நம் கரைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். மடியும் அலையில் இறங்கும்போது நீண்ட அணியம் (முன்முனை) மணலில் குத்தும், பின்பக்கத்தை அலை தூக்கிப் புரட்டும். ஐந்து மீட்டரை ஒட்டிய நீளம், 55 முதல் 58 சென்டிமீட்டர் அகலம், இரு முனையும் மேல்நோக்கி வளைந்த அடிப்பகுதி: இதுவே நடுவழி. வேகத்தில் கொஞ்சம் போகும், அலைக்குள் திருப்புவது எளிதாகும். அசையாத நீரில் லேசாக ஆடும் படகைக் கண்டு பயப்பட வேண்டாம். சாய்த்தால் ஒரு கட்டத்தில் பக்கம் பிடித்து நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

பலரும் கவனிக்காத விஷயம் உடல் எடை. கடல் கயாக்குகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க உடல்வாகை வைத்துச் செய்யப்படுபவை. அறுபது கிலோ ஆள் பெரிய அளவில் உட்கார்ந்தால் படகு நீருக்கு மேல் உயர்ந்து நிற்கும்; காற்று அதைத் தன் இஷ்டத்துக்கு இழுக்கும். ஒரே வடிவம் எல்வி (சிறியது), எம்வி (நடுத்தரம்), எச்வி (பெரியது) என்று மூன்று அளவில் வந்தால், நம்மில் பலருக்கு எல்விதான் பொருந்தும். கால் மிதியில் பாதம் ஊன்றியதும் தொடை மேல்தளத்தின் அடியில் இறுகப் பதிய வேண்டும், இடுப்பின் இருபுறமும் விரல் நுழையும் இடமே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கவிழ்ந்த படகை இடுப்பால் நிமிர்த்த முடியாது.

சுக்கானா, ஸ்கெக்கா? தை மாதத்தில் மரக்காணத்திலிருந்து தெற்கே போனால் வாடை இடது முதுகில் அடிக்கும். ஓடும் படகின் முன்பக்கத்தை நீர் அழுத்திப் பிடித்திருக்கும், பின்பக்கம் தளர்ந்திருக்கும். அதனால் அணியம் காற்றை நோக்கி, அதாவது கடல் பக்கம், திரும்பிக்கொண்டே இருக்கும். அடியில் இறக்கும் கத்தி போன்ற ஸ்கெக் பின்பக்கத்தைப் பிடித்துவைக்கிறது. சுக்கானின் கம்பியும் மிதியும் அலையில் உடையக்கூடியவை என்பதால் ஸ்கெக்குக்கே என் ஓட்டு. ஆனால் நம் மணல் அதன் பெட்டிக்குள் புகுந்து இறுகிவிடும். ஸ்கெக்கின் நுனியில் ஓட்டைபோட்டுச் சிறு கயிறு கட்டிவையுங்கள். கூட வருபவர் நீரிலிருந்தே இழுத்துவிடலாம்.

பாலிஎத்திலின் படகு அடி தாங்கும், விலையும் குறைவு. எடை 26 முதல் 30 கிலோ வரை வரும். கலசப்பாக்கத்துச் சித்திரை வெயிலில் காரின் மேல் இறுக்கிக் கட்டினால் அடிப்பகுதி குழிந்துவிடும். கிழிந்தால் பசை ஒட்டாது. கண்ணாடியிழைப் படகு சில கிலோ குறைவு. பாறையில் விரிசல் விடும். ஆனால் நம் மீனவக் குப்பங்கள் பலவற்றில் ஃபைபர் படகு இருக்கிறது, பாயும் ரெசினும் வைத்து ஒட்டத் தெரிந்தவர் இருக்கிறார். பயணத்தின் நடுவே பழுது பார்க்க முடிகிற பொருள் என்பதால் காசு இருந்தால் அதையே எடுப்பேன்.

மடிக்கும் கயாக்கையும் ஒதுக்கிவிட வேண்டாம், அது பஸ்ஸிலேயே வரும். ஜெர்மானியரான ஆஸ்கர் ஸ்பெக் 1932இல் ஊல்ம் நகரில் மடிப்புக் கயாக்கில் கிளம்பி, இந்தியக் கரை வழியாக 1939இல் ஆஸ்திரேலிய எல்லையைத் தொட்டார். அதே தடத்தில் 2011இல் புறப்பட்ட ஆஸ்திரேலியப் பெண் சாண்டி ராப்சன் 2016இல் முடித்தார். அலைக்குள் தினமும் இறங்கி ஏற, மடிப்புச் சட்டத்தைவிடக் கெட்டிப் படகே நல்லது என்பது என் கருத்து.

முழுப் பணமும் கொடுக்குமுன் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். அனுமதி பெற்று ஏதாவது நீர்த்தேக்கத்தில், முதலில் வெறும் படகாக, பிறகு மூன்று நாளுக்கான 15 லிட்டர் குடிநீரும் கூடாரமும் ஏற்றி ஓட்டுங்கள். இரண்டு ஓட்டமும் சரியாக இருந்தால்தான் அது இருவகைக்குமான படகு. வேண்டுமென்றே கவிழ்த்து வெளியேறி, துணையோடு மறுபடி ஏறிப் பழகுங்கள். கிணற்றில் குதித்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு மூச்சு அடக்குவது கஷ்டமில்லை. இருட்டில், உட்காரும் துளையை மூடும் இடுப்புத் துணியின் முன்வளையத்தைத் தேடி இழுப்பதைத்தான் கை பழக வேண்டும். மூடிகளைத் திறந்து அறைக்குள் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

கடைசிச் சோதனை கடலில். ஐப்பசி, கார்த்திகையை விட்டுவிடுங்கள். உள்ளூர் மீனவரிடம் அன்றைய அலையையும் நீரோட்டத்தையும் கேட்டு, உயிர்காப்பு உடையோடு இறங்குங்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடல் தடைப்பகுதி. விலகியே போக வேண்டும். கடலோரக் காவல்படையின் 1554 எண் செல்பேசியில் இருக்கட்டும். படகு பிடித்துப்போய் ஆர்டர் கொடுக்கும்போது கூடுதலாக ஒரு ரப்பர் மூடியும் ஒரு ஸ்கெக் கம்பியும் சேர்த்துக் கேளுங்கள். வெயிலில் முதலில் வெடிப்பது அந்த மூடிதான், திருவண்ணாமலைக் கடைகளில் அது கிடைக்காது.