புற்றுநோய் இல்லை, ஆனாலும் "கரண்ட்" வைக்கணும்!
மூளைக் கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு குழம்பும் குடும்பங்கள்

(நமது நிருபர்)

சென்னை:

மூளையில் கட்டி. ஆபரேஷன் முடிந்தது. "சாதாரணக் கட்டிதான், புற்றுநோய் இல்லை" என்று ரிப்போர்ட்டும் வந்தாச்சு. பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைச்சாச்சு. அப்போது பார்த்து டாக்டர் சொல்கிறார்: "கரண்ட் வைக்க வேண்டும்!"

இந்த இடத்தில்தான் குடும்பமே ஆடிப்போகிறது. எழுதிக் கொடுத்த சீட்டோடு போனால் வாசலில் "புற்றுநோய்ப் பிரிவு" என்று போர்டு தொங்குகிறது. "கேன்சர் இல்லேன்னாங்களே, இங்கே எதுக்கு அனுப்புறாங்க? நம்மகிட்ட மறைக்கிறாங்களா?" என்று சந்தேகம். போர்டைப் பார்த்த கையோடு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறவர்களும் உண்டு.

யாரும் எதையும் மறைக்கவில்லை. விஷயம் வேறு.

மிச்சம் வைத்தது ஏன்?

வியாசர்பாடிப் பக்கம் ஒரு ஆட்டோ டிரைவரின் மனைவி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 45. ஒரு கண் மங்கலாகிறது. ஒன்று இரண்டாகத் தெரிகிறது. கண்ணாடிக் கடைக்கு நாலு தரம் நடந்தபிறகு ஸ்கேன். கண்ணுக்குப் பின்னால், மண்டை ஓட்டின் அடித்தளத்தில் கட்டி. பெயர் மெனிஞ்சியோமா. மூளையைச் சுற்றியுள்ள உறையில் முளைப்பது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

மெதுவாக வளரும். வேறு உறுப்புக்குப் பரவுவது மிக மிக அபூர்வம். ஆனால் உட்கார்ந்திருக்கும் இடம்தான் வில்லங்கம்! பக்கத்திலேயே பார்வை நரம்பு, கண்ணை அசைக்கும் நரம்புகள், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய். முழுசாகச் சுரண்டி எடுக்கப் போனால் கண் போகலாம், பக்கவாதம் வரலாம், உயிரே போகலாம். அதனால் எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டு, ஒட்டியிருக்கும் துண்டை டாக்டர் வேண்டுமென்றேதான் விட்டுவைக்கிறார். "அரைகுறை ஆபரேஷன்" என்று திட்டுவது அநியாயம்.

விட்ட துண்டு சும்மா இருக்குமா? 1957-ல் சிம்ப்சன் என்ற டாக்டர் ஒரு கணக்கு வெளியிட்டார். கட்டியையும் அது ஒட்டிய உறையையும் முழுசாக எடுத்தவர்களில் 100-க்கு 9 பேருக்குத் திரும்ப வந்தது. பாதி எடுத்தவர்களில் 100-க்கு 44 பேருக்கு! இன்றைக்கும் டாக்டர்கள் அந்தக் கணக்கைச் சொல்கிறார்கள்.

அந்தத் துண்டுக்குத்தான் கரண்ட். மிச்சம் உள்ள எல்லோருக்கும் உடனே வைப்பார்கள் என்றும் இல்லை. துண்டு சிறியது, ரிப்போர்ட்டில் "கிரேடு 1" என்றால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பதும் உண்டு. "கிரேடு 2" என்றால் கரண்ட் பேச்சு சீக்கிரமே வரும்.

தலைக்கு ஒரு முகமூடி

கரண்ட் என்று நாம் சொன்னாலும் இது ஷாக் அல்ல, கதிர்வீச்சு. ஆபரேஷன் புண் ஆறச் சில வாரம் விடுகிறார்கள். பிறகு வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் போட்டு அழுத்துகிறார்கள். சில நிமிஷத்தில் இறுகி, அந்த முகத்துக்கே அளவெடுத்த முகமூடியாகிவிடும். தலை ஒரு நூல்கூட அசையக் கூடாது என்பதற்காக இது.

திங்கள் முதல் வெள்ளி வரை, மொத்தம் 28 முதல் 30 தடவை. ஆறு வாரம் ஓடிவிடும். 50 முதல் 54 "கிரே" அளவுள்ள கதிரைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒரேயடியாகக் கொடுத்தால் பார்வை நரம்பு தாங்காது. துண்டு சிறியது, நரம்பை விட்டுத் தள்ளி இருக்கிறது என்றால் ஒரே நாளில் முடிக்கும் "காமா கத்தி" உண்டு. ஸ்வீடனில் லெக்செல் என்ற டாக்டர் 1968-ல் கொண்டுவந்தது. பெயரில்தான் கத்தி, கையில் கத்தி கிடையாது!

மெஷினுக்குக் கீழே படுத்தால் வலி இல்லை, சூடு இல்லை. அசதி வரும், தலை வலிக்கும். கதிர் போகும் இடத்தில் இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப முளைக்கும். வீக்கம் வந்தால் மாத்திரை தருவார்கள். அதையும் வலிப்பு மாத்திரையையும் நாமாக நிறுத்தவே கூடாது.

இன்னொரு கூத்து: "கரண்ட் வைச்சுட்டு வந்திருக்கா, குழந்தையைக் கிட்ட விடாதே" என்று வீட்டுப் பெரியவர்கள் தள்ளி உட்காரவைக்கிறார்கள். மெஷினை நிறுத்தினால் கதிரும் நின்றது. உடம்பில் ஒன்றும் தங்காது. தாராளமாகப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

கட்டி கரைந்ததா?

ஆறு வாரம் முடிந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஸ்கேனில் துண்டு அப்படியேதான் இருக்கும். "பணமும் போச்சு, முடியும் போச்சு, கட்டி போகலியே" என்று அழுகிறார்கள். கரண்டின் வேலை கரைப்பது அல்ல, வளரவிடாமல் நிறுத்துவது. சிலருக்குக் கொஞ்சம் சுருங்கும். சாதாரணக் கட்டி என்றால் 10 வருஷம் கழித்துப் பார்த்தாலும் 100-க்கு 90 பேர் வாக்கில் கட்டி அடங்கியே இருக்கிறது.

தொல்லையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சில வருஷம் கழித்து பிட்யூட்டரி சுரப்பி மந்தமாகலாம், பார்வை குறையலாம். கதிரே பல வருஷம் கழித்து வேறு கட்டியைக் கிளப்புவதும் உண்டு. 1948 முதல் 1960 வரை இஸ்ரேலில் தலைப்படைக்காக ஆயிரக்கணக்கான குழந்தைகளின் தலையில் கதிர் பாய்ச்சினார்கள். பெரியவர்களான பின் அவர்களிடம் இந்த மெனிஞ்சியோமாவே கூடுதலாகக் காணப்பட்டது. அதனால்தான் தேவையா என்று யோசித்து, வயதைப் பார்த்து, குறிபார்த்து வைக்கிறார்கள். 20 தடவையோடு நின்றுவிட்டால் பட்ட சிரமத்துக்குப் பாதிப் பலன்கூட நிச்சயமில்லை.

கரண்ட் முடிந்த சில மாதத்தில் ஒரு ஸ்கேன், பிறகு வருஷா வருஷம். ஒவ்வொரு தடவையும் பழைய பிலிம்களைக் கையோடு கொண்டுபோக வேண்டும். வீடு மாறும்போது தொலைத்துவிட்டு வந்து நின்றால், துண்டு வளர்ந்திருக்கிறதா இல்லையா என்று எதை வைத்து டாக்டர் சொல்வார்?