பட்டை ஏன் பாடுகிறது?

அமெரிக்க நெடுஞ்சாலையில் பிக்கப் வண்டியில் கயாக் படகைக் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்குப் பழக்கமான ஒலி அது. வேகம் கூடக்கூட 'உம்ம்' என்று ஒரு ரீங்காரம். எஞ்சின் கோளாறு இல்லை. படகைக் கட்டிய பட்டைதான் பாடுகிறது.

தட்டைப் பட்டையைக் காற்று கடக்கும்போது அதன் பின்னால் சிறு சுழல்கள் மாறி மாறிப் பிரிகின்றன. அந்த இழுபறியில் பட்டை தந்திபோல் அதிர்கிறது. கட்டும்போதே அதை ஓரிரு முறை முறுக்கிவிட்டால் சுழல்களின் தாளம் கலைந்து, சத்தம் அடங்கிவிடும்.

சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். நீளம்தான் உண்மையான வம்பு. பல பிக்கப்களின் பின்தொட்டி 5.5 அடிதான்; படகோ 12 அடி. பின்கதவை இறக்கினாலும் ஏறக்குறைய 2 அடிதான் கூடும். மிச்சம் அந்தரத்தில். படகின் நடுப்பகுதி, அதாவது பாரத்தின் மையம், இறக்கிய கதவின் மேலேயே வந்து நிற்கிறது. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் போதும், முன்மூக்கு சீசா பலகைபோல் எகிறும். ஆகவே முன்பகுதியைத் தொட்டியின் முன்கொக்கிகளோடு கீழ்நோக்கி இழுத்துக் கட்டுவதுதான் முதல் வேலை. 4 அடிக்கு மேல் வெளியே நீண்டால் பல மாநிலங்களில் சிவப்புத் துணி கட்டாயம். இரவில் சிவப்பு விளக்கு.

மணிக்கு 50 மைலிலிருந்து 70 மைலுக்குப் போனால் காற்றின் இழுவை ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதற்குப் பயந்து, பட்டையை இறுக்கும் ராட்செட் பூட்டை முறுக்கித் தள்ளுவோர் உண்டு. ஆனால் பாலிஎதிலீன் பிளாஸ்டிக் படகு வெயிலில் இளகும். அதீத இறுக்கத்தில் அடிப்பகுதி குழிந்துவிடும். கையால் இழுத்துப் பூட்டும் சாதாரணக் கொக்கிப் பட்டையே போதும்.