தூண்டிலில் பட்ட மீனைப் படம் எடுப்பது எப்படி?



தைப்பூசத்தன்று வெள்ளி ரதம் செல்லும் டத்தோ கிராமாட் சாலையை நம்மில் பலர் அறிவோம். நம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு அந்த வட்டாரத்தில் உறவினர் உண்டு. பள்ளி விடுமுறையில் அங்கே போகும் நம் பிள்ளைகள், மாமாவோடும் சித்தப்பாவோடும் எஸ்பிளனேட் கடற்கரைச் சுவருக்குத் தூண்டில் எடுத்துக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது கைத்தொலைபேசியில் பத்துப் படங்களாவது இருக்கும். ஆனால் ஒன்றில் மீனின் வால் விடுபட்டிருக்கும். மற்றொன்றில் வெயிலின் பளபளப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது. என்ன மீன் என்று கேட்டால், படத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது.

மீனின் படம் ஒரு சாட்சி. அது மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். அது என்ன மீன்? எவ்வளவு பெரியது? எங்கே, எப்போது பிடிபட்டது? இந்த மூன்றையும் சொல்லும் படத்தை எப்படி எடுப்பது என்பதை இன்று பார்ப்போம்.

முதலாவது, வெளிச்சம். உச்சி வெயிலில் ஈரச் செதில்கள் கண்ணாடிபோல் மின்னும். படத்தில் அவை வெள்ளைத் திட்டுகளாகிவிடும். காலை வெயிலும் மாலை வெயிலும் நல்லவை. நண்பகலாக இருந்தால் மீனை மர நிழலுக்குக் கொண்டுபோகலாம். கருவியிலுள்ள பிளாஷ் விளக்கை அணைத்துவிடுவது நல்லது. அதன் ஒளியும் செதிலில் பட்டுத் திரும்பி வரும்.

இரண்டாவது, நேரம். மீனின் தோலில் நிறத்தைத் தாங்கும் நுண்ணிய அணுக்கள் உள்ளன. மீன் உயிரோடிருக்கும்போது நரம்புகள் அவற்றை அடக்கி ஆளுகின்றன. உயிர் பிரிந்ததும் அந்த ஆட்சி போய்விடும். நிறமும் மங்கத் தொடங்கும். 1849-ஆம் ஆண்டு மலாயா மீன்களின் பட்டியலை வெளியிட்ட தியோடர் கான்டர் என்னும் மருத்துவர் பினாங்கிலும் மீன்களைச் சேகரித்தவர். அக்காலத்து அறிஞர்கள் மீனைச் சாராயத்தில் ஊறவைத்துக் காப்பாற்றினார்கள். உடல் கெடாமல் இருந்தது. நிறமோ வெளுத்துப் போயிற்று. நம்மிடமோ கையிலேயே கருவி இருக்கிறது. ஆகவே மீன் கரைக்கு வந்தவுடனே எடுப்பதே சிறப்பு. சேறும் மணலும் ஒட்டியிருந்தால் சிறிது நீர் ஊற்றிக் கழுவிவிட்டு எடுக்கவேண்டும்.

மூன்றாவது, மீனைக் கிடத்தும் முறை. தலை நமது இடப்பக்கம் இருக்குமாறு வைப்பது மீன் ஆய்வாளர்களின் வழக்கம். எல்லாரும் ஒரே முறையில் வைத்தால் ஒரு படத்தோடு மற்றொன்றை ஒப்பிடுவது எளிது. முதுகுத் துடுப்பையும் வாலையும் விரலால் மெல்ல விரித்துவிடுங்கள். துடுப்பில் முள் எத்தனை, வால் பிளவுபட்டதா, வட்டமானதா என்பவற்றைக் கொண்டே இனத்தைப் பிரித்தறிகிறார்கள். கீழே விரிப்பதற்கு வாழை இலை நல்லது. அதன் மேற்புறம் பளபளக்கும். ஆதலால் கவிழ்த்துப் போடுங்கள்.

நான்காவது, அளவு. கையை நீட்டி மீனைக் கருவிக்கு முன்னே பிடித்தால் சிறு மீனும் பெரிதாகத் தோன்றும். மீன் ஒன்றரை அடி தூரத்திலும், பிடித்தவர் மூன்றடி தூரத்திலும் இருந்தால், அவரோடு ஒப்பிடும்போது மீன் இரு மடங்காகத் தெரியும். வேடிக்கைக்கு அது சரி, சாட்சிக்கு ஆகாது. மீனை ஒட்டி ஓர் அளவுகோலை வையுங்கள். அது இல்லையென்றால் ஐம்பது காசு நாணயம் ஒன்றை வையுங்கள். பிறகு கருவியைச் சாய்க்காமல் நேர் மேலிருந்து, வாய் முதல் வால் நுனி வரை முழுவதும் அடங்குமாறு எடுங்கள். இடத்தையும் தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அருகில் வைத்துவிட்டால் மூன்றாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

மீனைத் திரும்ப நீரில் விட நினைப்பவர்கள், கருவி தயாராகும்வரை அதை நீரிலேயே வைத்திருக்கவேண்டும். உலர்ந்த கையால் பிடித்தால் மீனின் மேலுள்ள வழவழப்பு உரிந்துவிடும். அதுவே அதற்கு நோய் காக்கும் கவசம். கையை நனைத்து, இரு கைகளாலும் தாங்கி, சில விநாடிகளில் படம் எடுத்துவிட்டு விடுவியுங்கள்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சீலகாந்து என்னும் மீன் டைனோசர் காலத்தோடு அழிந்துபோனதென்று அறிஞர்கள் கருதியிருந்தார்கள். 1938-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கக் கடலில் ஒன்று உயிரோடு பிடிபட்டது. பின்னர் 1997-ஆம் ஆண்டு, இந்தோனேசியாவின் மனாடோ நகரச் சந்தையில் விந்தையான மீன் ஒன்றைக் கண்ட ஒரு தம்பதியர் அதைப் படம் எடுத்தனர். மீன் விலைபோய்விட்டது, கையில் மிஞ்சியது படம் மட்டுமே. அதுவும் சீலகாந்து என்பதை அந்தப் படமே காட்டியது. மறு ஆண்டு அங்கே வலையில் மற்றொன்று கிடைத்தபோது செய்தி உறுதியாயிற்று.

நமக்கு இன்னும் நெருங்கிய காரணம் ஒன்று உண்டு. மலாய்க்காரர் புந்தால் என்றும், நாம் பேத்தை என்றும் அழைக்கும் மீன், பிடித்தவுடன் பந்துபோல் உப்பும். இதன் பல இனங்களில் கொடிய நஞ்சு உள்ளது. எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. 2023-ஆம் ஆண்டு ஜொகூரில் வயது முதிர்ந்த தம்பதியர் இந்த மீனைச் சமைத்து உண்டு உயிரிழந்தார்கள். வெட்டிச் சுத்தம் செய்து துண்டுகளாக்கிய பிறகு எந்த மீன் என்று யாரால் சொல்ல முடியும்? ஆகையால் அறியாத மீனை வெட்டுவதற்கு முன்பே படம் எடுத்து, விவரம் தெரிந்த மீனவரிடம் காட்டிக் கேளுங்கள். ஐயம் தீரவில்லையென்றால் உண்ணவே வேண்டாம். மீன் சாப்பிட்ட பின் உதடும் நாக்கும் மரத்துப் போனாலோ, மீன் முள் குத்தி வீங்கினாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அப்போது அந்தப் படத்தையும் மருத்துவரிடம் காட்டினால், எந்த மீனால் வந்த தீங்கு என்று அவர் விரைவில் அறிய அது உதவும்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை தூண்டிலில் மீன் பட்டால், பிள்ளையின் கையில் ஓர் அளவுகோலையும் கொடுத்தனுப்புங்கள். அளவிடவும், உற்று நோக்கவும், உள்ளதை உள்ளபடி எழுதி வைக்கவும் அவன் அங்கேயே கற்றுக்கொள்வான். வகுப்பறையில் நாங்கள் சொல்லித்தர முயல்வதும் அதுவேதான்.