கருப்புப் பூச்சு அரிவாள் வாங்கலாமா?

அரிவாள் வாங்கப் போகும் விவசாயிக்குக் கடையில் ஒரு குழப்பம் ஏற்படுகிறது. ஒரு பக்கம் சாணை பிடித்துப் பளபளக்கும் அரிவாள். மறு பக்கம் அலகு முழுவதும் கருப்பேறிய அரிவாள். "கருப்பு துருப்பிடிக்காது" என்கிறார் கடைக்காரர். "கருப்புக்குள்ளே என்ன இரும்பு இருக்கிறதோ" என்கிறார் பக்கத்து வயல்காரர். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. எதை எந்த வேலைக்கு வாங்கலாம் என்று பார்ப்போம்.

தாராசுரம் வட்டாரத்தில் அறுவடை இயந்திரம் வந்த பிறகும் அரிவாளுக்கு வேலை குறையவில்லை. சாய்ந்து ஈரத்தில் கிடக்கும் சம்பாவையும், இயந்திரம் திரும்ப முடியாத வயல் மூலையையும் கையால்தான் அறுக்க வேண்டும். வரப்புப் புல், வாழைத்தார், இலை ஆகியவற்றுக்கும் அரிவாள்தான். அரிவாள் மழுங்கினால் முற்றிய கதிர் உதிரும். ஆள் கூலியும் கூடும். ஆகவே இது சிறிய விஷயம் அல்ல.

கருப்பில் நான்கு வகை

முதலாவது உலைக் கருப்பு. சிவக்கக் காய்ந்த இரும்பின் மீது காற்றுப் பட்டதும் தானாகவே படியும் செதிள் இது. காந்தக் கல்லில் உள்ள பொருளும் இதில் கலந்திருக்கும். கொல்லர் பட்டறையில் அடித்த அரிவாளின் முதுகுப் பக்கம் கருப்பாக இருப்பது இதனால்தான்.

இரண்டாவது ரசாயனக் கருப்பு. தொழிற்சாலைகளில் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கரைந்த கொதிநீரில் அலகை முக்கி எடுத்து, பிறகு எண்ணெய் ஏற்றுவார்கள். இந்தப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு கனமே இருக்கும்.

மூன்றாவது பெயிண்ட் அல்லது வார்னிஷ் கருப்பு. நான்காவது, ஒட்டாத தோசைக்கல்லில் இருப்பது போன்ற வழுவழுப்பான பூச்சு. கவாத்துக் கத்தி, ரம்பம் போன்ற சில தொழிற்சாலைக் கருவிகளில் இதைக் காணலாம்.

நன்மைகள்

சிவப்புத் துரு பஞ்சு போன்றது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மேலும் மேலும் இரும்பைத் தின்னும். உலைக் கருப்பும் ரசாயனக் கருப்பும் அப்படி அல்ல; இரும்போடு ஒட்டி நின்று, தடவிய எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே தை மாதப் பனியிலும் சேற்றிலும் வேலை செய்யும் அலகு துருப்பிடிப்பது தாமதமாகும்.

ஒட்டாத பூச்சில் வாழைக் கறையும் பிசினும் எளிதில் படியா. துடைத்தால் போய்விடும்.

தீமைகள்

வெட்டுவது வாய், பூச்சு இருப்பதோ உடம்பில். முதல் முறை சாணை பிடித்த உடனேயே வாயில் பூச்சு போய்விடும். எனவே எந்தக் கருப்பு அரிவாளுக்கும் வாய்ப் பகுதி வெறும் எஃகுதான். அங்கே துரு பிடிக்கத்தான் செய்யும்.

எண்ணெய் காய்ந்துவிட்டால் ரசாயனக் கருப்பு மட்டும் துருவை அதிக நாள் தடுக்காது. பெயிண்ட் கருப்போ கல்லில் பட்டால் உரியும். உரிந்த இடத்தின் ஓரமாக ஈரம் புகுந்து, பூச்சுக்கு அடியிலேயே துரு பரவும், நமக்குத் தெரியாது. உரிந்த பெயிண்ட் தீவனப் புல்லோடு மாட்டின் வயிற்றுக்கும் போகக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தீமை, பெயிண்ட் கருப்பு குறையை மறைப்பதுதான். மயிரிழை வெடிப்பு, பற்றவைத்த இடம், பள்ளம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வேலை நடுவில் அலகு முறிந்தால் கையோ காலோ போகும்.

இன்னொன்று: கருப்பு அரிவாளைக் களிமண் வயலிலோ வைக்கோலிலோ மாலை நேரத்தில் போட்டுவிட்டால் தேடுவது கஷ்டம். கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றிக்கொள்வது நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

நிறத்தைப் பார்க்க வேண்டாம். எஃகையும் தோய்ச்சலையும் பாருங்கள். காய்ச்சிய அலகை நீரிலோ எண்ணெயிலோ முக்கி உறுதி ஏற்றுவதே தோய்ச்சல். லாரி வில் பட்டையில் அடித்த அரிவாளுக்கு நல்ல பெயர் இருப்பதற்குக் காரணம், அந்த எஃகில் சுமார் அரை சதவீதம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாகக் கரிமம் இருப்பதுதான். கரிமம் இருந்தால்தான் தோய்ச்சல் ஏறும்.

காம்புக்கு அருகே கருப்பை ஆணியால் லேசாகக் கீறுங்கள். தோலாக உரிந்தால் பெயிண்ட். கோடு மட்டும் விழுந்தால் உலைக் கருப்பாகவோ ரசாயனக் கருப்பாகவோ இருக்கலாம். அலகைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் கம்மினால் வெடிப்பு இருக்கலாம். வெட்டரிவாளின் வாயில் அரத்தை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். சற்று வழுக்கிக்கொண்டு கடித்தால் நல்லது. வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் தோய்ச்சல் இல்லை.

கதிர் அறுக்கும் கருக்கரிவாளில் பூச்சைவிடப் பல்லின் ஒழுங்கே முக்கியம். பல் தேய்ந்தால் கொல்லரிடம் கொடுத்துக் கருக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். வெறுமனே சாணை பிடித்தால் பல் போய்விடும்.

வீட்டிலேயே கருப்பு ஏற்ற முடியுமா?

முடியும். வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மனை கருத்துப்போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பூவின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கருப்பாகிறது. கடுக்காயும் இரும்பும் சேர்த்துத் துணிக்குக் கருஞ்சாயம் ஏற்றியது இந்த முறையில்தான்.

அலகின் துருவைத் தேய்த்து எடுத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்பால் கழுவி, கெட்டியான கடுக்காய்க் கஷாயத்தைத் தடவி உலர விடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் மெல்லிய கருநீலப் படலம் படியும். பிறகு தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். இதற்குச் செலவு மிகக் குறைவு. ஆனால் இதுவும் தேயக்கூடியதே.

ஒரு எச்சரிக்கை. கருப்பாகட்டும் என்று அரிவாளை அடுப்பில் வைத்துக் காய்ச்சவே கூடாது. தோய்ச்சல் இறங்கி வாய் மழுங்கிப் போகும். மின் சாணையில் பிடிக்கும்போதும் அடிக்கடி நீரில் முக்க வேண்டும். வாய் நீலம் பாரித்தால் சூடு சுமார் 300 டிகிரி சென்டிகிரேடை எட்டிவிட்டது என்று பொருள்.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் சேறும் கறையும் போகக் கழுவி, துடைத்து, வெயிலில் காட்டி, எண்ணெய் தடவ வேண்டும். தீவனம் அறுக்கும் அரிவாளுக்கு வண்டியின் கழிவு ஆயிலைப் பூச வேண்டாம். உரச் சாக்கில் அரிவாளைச் செருகாதீர்கள். பொட்டாஷ் உரத்தில் உள்ள குளோரைடு இரும்பை வேகமாக அரிக்கும். கூரை இறவாணத்தில் செருகினால் மழைச் சாரல் படாத பக்கமாகச் செருகுங்கள்.

அரிவாள் வெட்டிவிட்டால், "கருப்பு அரிவாள்தானே, துரு இல்லையே" என்று சும்மா இருக்கக் கூடாது. வில்வாத ஜன்னி எனப்படும் டெட்டனஸ் துருவினால் வருவதல்ல; மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமியால் வருவது. காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று ஊசி தேவையா என்று கேட்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், உலைக் கருப்பும் ரசாயனக் கருப்பும் உள்ள நல்ல எஃகு அரிவாளைத் தயங்காமல் வாங்கலாம். ஒட்டாத பூச்சு வாழைக் கறை வேலைக்கு ஏற்றது. பெயிண்ட் கருப்பைத் தவிர்ப்பது நல்லது. எந்தக் கருப்பானாலும் அது அரிவாளுக்குப் போட்ட சட்டைதான். உழைப்பது உள்ளே இருக்கும் எஃகு. அதைக் காப்பது தினமும் தடவும் இரண்டு சொட்டு எண்ணெய்.