பயிருக்கு 110 நாள். விடுப்புக்கு 60 நாள்!

பட்டாளத்து வீடுகளில் நிலத்தைக் காக்கும் பெண்கள்

2025-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் தேதி மேற்கு எல்லையில் சண்டை மூண்டது. விடுப்பில் ஊர் வந்திருந்த படைவீரர்கள் பலருக்கு உடனே திரும்பும்படி உத்தரவு வந்தது. மதுரைச் சீமையில் அது சித்திரைத் திருவிழாக் காலம். கோடை உழவுக்கும் அதுதான் காலம். மே 10-ஆம் தேதி மாலை சண்டை நின்றது. 12-ஆம் தேதி அழகர் வைகையில் இறங்கினார். ஊர் திருவிழாவில் இருக்க, பட்டாளத்து வீடுகளில் கண் தொலைபேசி மேல் இருந்தது. பாதி உழுத நிலத்தை மீதி உழுவது யார் என்ற கேள்வியும் கூடவே இருந்தது.

திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டி, மேலூர் வட்டாரங்களில் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிய சிறு விவசாயக் குடும்பங்கள் உண்டு. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் வீடுகள் இவை. சம்பளம் மாதம் தவறாமல் வங்கிக்கு வந்துவிடும். ஆனால், ஆள் வருவதுதான் கணக்கில் அடங்காது. ஆள் வரும் வரை நிலமும் காத்திருக்காது.

கணக்குப் பார்த்தால்...

இராணுவச் சிப்பாய் ஒருவருக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்தர விடுப்பு உண்டு. தற்செயல் விடுப்பு 30 நாள். பணியிட நிலைமையைப் பொறுத்து இவை இரண்டு மூன்று தவணையாகக் கிடைக்கும். 2022-இல் தொடங்கிய அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்த அக்னிவீரர்களுக்கு ஆண்டு விடுப்பு 30 நாள்தான்.

இனிப் பயிரின் கணக்கைப் பாருங்கள். குறுகிய கால நெல் ரகங்களான ஆடுதுறை 45, கோ 51 போன்றவை விதை நெல் ஊற வைத்த நாள் தொட்டு அறுவடை வரை 105 முதல் 110 நாள் எடுத்துக்கொள்ளும். மதுரை வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட எம்.டி.யு. 1 குதிரைவாலிக்கு 95 முதல் 100 நாள். வம்பன் 8 உளுந்து ஒன்றுதான் 65, 70 நாளில் முடிந்து விடுப்புக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது.

ஆக, நாற்றுப் பாவிய கையாலேயே அந்த நெல்லை அறுக்கும் பேறு படைவீரருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. விதைத்தவர் அவராக இருந்தால் அறுப்பவர் அவர் மனைவி. அறுப்புக்கு அவர் வந்தால், விதைத்தது வீட்டிலுள்ள வயதான தகப்பனார். பட்டாளத்து வீட்டில் உண்மையான விவசாயி யார் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

கடிதத்திலிருந்து கைப்பேசி வரை

முன்பெல்லாம் இந்த வீடுகளுக்குத் தபால்காரர்தான் எல்லாம். களத்தில் இருப்பவருக்கு எழுதும் கடிதத்தில் ஊர்ப் பெயர் இருக்காது. படைப் பிரிவின் பெயரும் '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்ற எண்ணும்தான் முகவரி. மகன் எந்த மலையில் நிற்கிறான் என்பது பெற்றவர்களுக்கே தெரியாது.

1987 ஜூலை இறுதியில் இந்திய அமைதிப்படை இலங்கைக்குச் சென்றபோது, பாக் நீரிணைக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில்தான் சண்டை நடந்தது. ஆனாலும் கிராமத்துக்குச் செய்தி வந்து சேர நாள் பிடித்தது. வானொலியில் யாழ்ப்பாணம் என்ற சொல் வந்தாலே கேட்ட வீடு அடங்கிப் போகும். கடைசிப் படைப்பிரிவு 1990 மார்ச் 24-ஆம் தேதி திரிகோணமலையிலிருந்து கப்பல் ஏறியது. ஏறத்தாழ 1,200 பேர் திரும்பவில்லை.

இன்று கைப்பேசி வந்துவிட்டது. பனிமலையிலிருந்து பேசும்போதும் முதல் கேள்வி வயலைப் பற்றியே வருகிறது. "மடைக்குத் தண்ணி வந்திருச்சா?" என்பார் அவர். "இன்னும் வரலைங்க. கடைமடைக்கு நாளைக்கு வருமாம்" என்பார் மனைவி. பக்கத்தில் நிற்கும் மாமியார், "தம்பி எப்ப வருதாம், அதைக் கேளு" என்பார். அதற்கு மட்டும் சரியான பதில் வராது. கணவாயில் பனி அடைத்தாலும், எல்லையில் பதற்றம் கூடினாலும் விடுப்பு தள்ளிப் போகும். கோபுரம் இல்லாத முகாமாக இருந்தால் நாள்கணக்கில் பேச்சே இருக்காது.

திரும்பாமல் போனவர்களும் இந்தச் சீமையில் உண்டு. இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி 2020 ஜூன் 15-ஆம் தேதி கல்வான் பள்ளத்தாக்கில் வீரமரணம் அடைந்தார். மறைவுக்குப் பின் அவருக்கு வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. திருமங்கலத்தை அடுத்த டி.புதுப்பட்டியைச் சேர்ந்த வீரர் லட்சுமணன் 2022 ஆகஸ்ட் 11-ஆம் தேதி ரஜௌரி மாவட்டத்தில் இராணுவ முகாம் மீது நடந்த தாக்குதலில் உயிர் நீத்தார். சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் முன்பாக அவர் உடல் மதுரைக்கு வந்து சேர்ந்தது. காத்திருக்கும் ஒவ்வொரு வீடும் வாய்விட்டுப் பேசாமல் மனத்தில் வைத்திருக்கும் அச்சம் இதுதான்.

விடுப்பை எப்போது கேட்பது?

விடுப்பு கிடைக்கும் நாள் நம் கையில் இல்லை. ஆனால் கேட்கும் நாளைப் பயிருக்குப் பொருத்தமாகக் கேட்கலாம். அதற்கு வீட்டிலிருந்து சரியான தகவல் போக வேண்டும்.

பெரியாறு-வைகைப் பாசனத்தில் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலம். அணையில் நீர் இருந்தால் ஜூன் மாதத்தில் முதல் போகத்துக்குத் திறப்பார்கள். மேலூர், திருமங்கலம் பக்கத்து ஒருபோக நிலங்களுக்குச் செப்டம்பர் மத்தியில் திறப்பது முறை. இருப்பு குறைந்த ஆண்டுகளில் இது தள்ளிப் போகும். எனவே அணை நீர்மட்டத்தைக் கவனித்து முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விடுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நாற்றங்கால், நடவுக்கும், மறுபாதியை அறுவடைக்கும் கேட்பது நல்லது. நெல்லுக்கு ஆள் மிகுதியாகத் தேவைப்படுவதும், பேரம் பேச வேண்டி வருவதும் இந்த இரண்டு சமயங்களில்தான். இடையில் வரும் களையெடுப்பையும் மேலுரத்தையும் வீட்டிலுள்ளவர்கள் சமாளித்துவிடுவார்கள்.

பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கத்துக் கரிசலில் வடகிழக்குப் பருவமழைதான் ஆதாரம். இங்கே நாற்றங்கால் வேலை இல்லை. புரட்டாசியில் விதைப்பு முடிந்துவிட்டால் குதிரைவாலி, சோளம் ஆகியவற்றுக்கு ஆள் தேவை குறைவு. ஆண் துணை இல்லாத வீட்டுக்கு இவை ஏற்றவை. தை மாதத்தையொட்டி அறுப்பு வருவதால் பொங்கல் விடுப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

மல்லிகை வைத்திருப்போர் நவம்பர் இறுதியை நினைவில் வைக்க வேண்டும். தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டுச் செடியைக் கவாத்து செய்யும் காலம் அது. கவாத்து, குழிக்குப் பத்துக் கிலோ தொழு உரம், மண் அணைப்பு ஆகிய கடின வேலைகளை அந்த ஒரு விடுப்பில் முடித்துவிட்டால், மார்ச் முதல் வரும் பூவை விடியுமுன் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பும் வேலையை வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். அன்றாடம் கையில் காசு புரள்வதும் மல்லிகையில் ஒரு வசதி.

பட்டா யார் பெயரில்?

பயிரைக் காப்பாற்றிவிடும் பெண்கள் பலர் தடுக்கி விழும் இடம் காகிதம். நிலம் கணவர் பெயரிலோ, காலமான மாமனார் பெயரிலோ இருக்கும். உழைப்பது இவராக இருந்தாலும், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கும்போது, "பட்டாதாரர் வர வேண்டும்" என்பார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலும் சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் கேட்பார்கள். பட்டாதாரர் லடாக்கில் இருந்தால் மூடை களத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

ஆகவே அடுத்த விடுப்பில் கறிவிருந்துக்கு ஒரு நாள் ஒதுக்கினால், காகிதத்துக்கு மூன்று நாள் ஒதுக்க வேண்டும்.

முதலாவது: பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றுடன் இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனுச் செய்ய வேண்டும். பங்காளிகளுடன் கூட்டுப் பட்டாவாக இருந்தால், எல்லோரும் ஊரில் இருக்கும்போதே பேசி அளந்து உட்பிரிவு செய்துகொள்வது நல்லது.

இரண்டாவது: மனைவி பெயருக்கோ பெற்றோர் பெயருக்கோ பொது அதிகார ஆவணம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். ஊரில் இதைப் 'பவர்' என்பார்கள். சாகுபடி, கடன், காப்பீடு, விளைபொருள் விற்பனை, வழக்கு நடத்துதல் ஆகியவற்றுக்கு மட்டும் அதிகாரம் கொடுத்தால் போதும். நிலத்தை விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை. வெளியாள் யாருக்கும் பவர் கொடுக்காமல் இருப்பது நல்லது.

மூன்றாவது: கூட்டுறவுச் சங்கத்தில் அவர் இல்லாதபோது கடனைப் பெறவும் புதுப்பிக்கவும் என்ன செய்ய வேண்டும் என்று செயலாளரிடம் முன்பே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். தமிழகத்தில் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை. தவணை தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். கெடு நாளைச் சுவரில் மாட்டிய காலண்டரில் வட்டமிட்டு வைப்பது எளிய வழி.

ஆள் இல்லாதபோது வழக்கு வந்தால்

வீட்டில் ஆண் இல்லை என்று தெரிந்தால் வரப்பை நகர்த்திப் பார்ப்பவர்களும் உண்டு. வழக்குப் போட்டு, எதிராளி வராததைச் சொல்லி ஒருதலைத் தீர்ப்பு வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. இதற்கெனவே ஒரு சட்டம் இருப்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

அது 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம். போர்ப் பணியிலோ, வெளிநாட்டுப் பணியிலோ, சட்டம் குறிப்பிடும் தனி நிலைமைகளிலோ இருக்கும் படைவீரர் மீது வழக்கு நடந்து, அவர் சார்பில் ஆஜராக ஆள் இல்லாவிட்டால், மாவட்ட ஆட்சியர் அதைச் சான்றளித்து நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கலாம். அதன்பேரில் நீதிமன்றம் வழக்கை ஒத்திவைக்க வழி உண்டு. அத்தகைய பணியில் இருந்தபோது அவருக்கு எதிராகத் தீர்ப்பு ஆகிவிட்டிருந்தாலும், அதை நீக்கும்படி கேட்கலாம். அந்தப் பணியில் கழிந்த காலம் வழக்குத் தொடரும் காலவரம்புக் கணக்கிலும் கழிக்கப்படும். சிவில் நீதிமன்றத்துக்கும் வருவாய் நீதிமன்றத்துக்கும் இது பொருந்தும்.

எனவே நோட்டீஸ் வந்தால் அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, "அவரு வரட்டும்" என்று இருந்துவிடக் கூடாது. நோட்டீஸின் நகலை அன்றே படைவீரருக்கு அனுப்ப வேண்டும். அவர் தம் படைப் பிரிவின் தலைமை அதிகாரி மூலம் மாவட்ட ஆட்சியருக்கு எழுதலாம். வீட்டிலுள்ளவர்கள் மதுரையிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். பெயரில் முன்னாள் என்று இருந்தாலும், பணியில் உள்ளவர்களின் குடும்பங்களுக்கும் அந்த அலுவலகம் உதவுகிறது. ஆட்சியர் அலுவலகத்தில் படைவீரர் குடும்பங்களுக்கென நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம்.

திரும்பி வருபவருக்கு நிலம் வேண்டும்

சிப்பாயின் பணி ஆயுள் முழுதும் ஓடுவதல்ல. நாற்பது வயதையொட்டி ஓய்வு பெறுபவர் பலர். அக்னிபாத் திட்டத்திலோ பணி நான்கே ஆண்டு. அதன்பின் 25 விழுக்காட்டினர் வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள் என்றுதான் திட்டம் அறிவிக்கப்பட்டது. மற்றவர்கள் இருபத்தைந்து வயதுக்கு முன்பின்னாக ஊர் திரும்ப வேண்டியவர்கள். அப்போது கையில் வரும் பணத்தைப் போல, காலூன்ற ஒரு ஏக்கர் நிலமும் முக்கியம். 'ஆள் இல்லை' என்று தரிசாகப் போட்டுக் கருவேல் முளைக்கவிட்ட நிலத்தைத் திருத்த, அந்தப் பணத்தில் ஒரு பங்கு போய்விடும். எதுவும் முடியாத ஆண்டில்கூட ஒரு கோடை உழவு, ஓர் உளுந்து விதைப்பு என்று நிலத்தைக் கைவிடாமல் வைத்திருப்பது நல்லது.

பக்கத்து வயல்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. முறைத் தண்ணீரில் பட்டாளத்து வீட்டின் முறையை அவர்களுக்கே விடுவது, இரவு மடைக்கு அந்த வீட்டுப் பெண் தனியே போக வேண்டாதபடி ஓர் ஆள் துணைக்குப் போவது, அறுவடை எந்திரம் வரும்போது அந்த வயலையும் சேர்த்து அறுக்கச் சொல்வது ஆகியவற்றுக்குக் காசு செலவில்லை.

படைவீரர் எந்த நாளில் வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும்போது வரப்பு இருந்த இடத்தில் இருக்க வேண்டும். அதை ஊர் பார்த்துக்கொள்ளலாம்.