தலைவலித் தூளும் தாமதித்து வந்த புற்றுநோயும்

தலைவலிக்கென்று நாள்தோறும் உட்கொண்ட ஒரு தூள், இருபது முப்பது ஆண்டுகள் சென்ற பின்னர்ச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயாக வெளிப்பட்டது என்றால் கேட்பவர் நம்பத் தயங்கக்கூடும். ஆயினும் சென்ற நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நேர்ந்தது இதுவே.

1887-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியார், சாயத் தொழிலில் மிஞ்சிக் கிடந்த ஒரு ரசாயனப் பொருளிலிருந்து பினாசிட்டின் என்னும் ஜுர மருந்தைத் தயாரித்து விற்கலாயினர். பிற்காலத்தில் ஆஸ்பிரினும் காபீனும் சேர்ந்த கலவைகளாக அது கடைதோறும் கிடைத்தது. காபீன் தரும் உற்சாகம் ஒரு பக்கம், அதை நிறுத்தியவுடன் வரும் தலைவலி மறு பக்கமாக, அந்தத் தலைவலிக்கே மீண்டும் தூளைத் தேடும் வழக்கம் எளிதில் வேரூன்றியது.

ஸ்வீடன் தேசத்து ஹுஸ்க்வார்னா நகரின் ஆயுதத் தொழிற்சாலையில், 1918-ம் ஆண்டு விஷ ஜுரம் பரவியபோது டாக்டர் ஹியோர்ட்டன் வகுத்துக் கொடுத்த தூளைத் தொழிலாளர்கள் அருந்தத் தொடங்கினர். ஜுரம் ஒழிந்த பின்னும், வேலைக்குத் தெம்பளிப்பது என்ற நம்பிக்கையில் பல்லாண்டுகள் அதை விடவில்லை. பிறந்த நாள் பரிசாகக்கூட அத்தூளை வழங்கினார்கள் என்பதைப் படிக்கும்போது நெஞ்சம் கனக்கிறது. ஆஸ்திரேலியாவிலோ பெக்ஸ், வின்சென்ட்ஸ் என்னும் தூள்களை நாள் முழுதும் உழைத்துக் களைத்த குடும்பப் பெண்கள் தேநீரோடு சேர்த்து அருந்தினர். அவற்றால் சிறுநீரகம் கெட்டவர்களில் பெரும்பாலோர் பெண்களே.

இத்தூள்களை மருந்தென்று யாரும் கருதாததால், வைத்தியரிடம் அவற்றைப் பற்றிச் சொல்லவும் எவருக்கும் தோன்றவில்லை. காரணம் நெடுங்காலம் மறைந்து கிடந்தது இதனாலேயே என்பது என் அபிப்பிராயம். 1953-ல் ஸூரிச் நகரத்து ஷ்பூலர், ஸோலிங்கர் இருவரும் இம்மருந்துகளுக்கும் சிறுநீரகச் சிதைவுக்கும் உள்ள சம்பந்தத்தைச் சுட்டினர். 1965-ல் ஸ்வீடன் வைத்தியர்கள், அவ்வாறு சிதைந்த சிறுநீரகத்தில், சிறுநீர் வந்து சேரும் உட்குழிவாகிய கூபகப் பகுதியில் புற்றுநோய் காணப்படுவதை அறிவித்தனர். மெல்போர்னில் பிரிஸில்லா கின்கெய்ட்-ஸ்மித் என்னும் அம்மையார் விடாது ஆராய்ந்தும் வாதாடியும் வந்ததன் பலனாக, 1979-ல் ஆஸ்திரேலியாவில் இக்கலவைகளின் தாராள விற்பனை நின்றது.

தீங்கு நேரும் விதம் இது. உடலில் சென்ற பினாசிட்டினில் பெரும்பகுதி ஈரலில் பாராசிட்டமாலாக மாறுகிறது. சிறு பகுதியோ நறுமண அமீன்கள் எனப்படும் வர்க்கத்தைச் சேர்ந்த பொருளாகிறது. 1895-ல் பிராங்பர்ட் நகரத்து லுட்விக் ரேன், சாயத் தொழிலாளரிடையே கண்டறிந்த சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் காரணமானவையும் இவ்வர்க்கத்துப் பொருள்களே. சிறுநீரகத்தின் உட்பகுதி நீரை மீட்டுக்கொண்டு எஞ்சியதைச் செறிவாக்குவதால், அங்கே இந்த நஞ்சும் செறிகிறது. பிறகு கூபகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் உட்சவ்வை அது ஆண்டுக்கணக்கில் தொட்டுக்கொண்டேயிருக்கிறது.

அமெரிக்கா 1983-ல் பினாசிட்டினை விலக்கியது; சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1987-ல் அது கலந்த வலி நிவாரணிகளைப் புற்றுநோய் விளைவிப்பவை என்று தீர்மானித்தது. பாராசிட்டமாலை அவ்வாறு வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லையென்றே அந்நிறுவனம் கருதுகிறது. ஆகவே ஜுரத்துக்கு அளவோடு எப்போதேனும் அதை உண்பவர் கலங்க வேண்டியதில்லை. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் புகையிலையே இன்றும் தலையாய காரணம். ஆனால் மூட்டுவலிக்காக டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவற்றை யோசனை கேளாமல் மாதக்கணக்கில் விழுங்குவோர்க்குச் சிறுநீரகம் பழுதுபடும் அபாயம் இருக்கவே செய்கிறது.

பழைய தூள்களை நெடுநாள் அருந்தியவர்களுக்கு, நிறுத்திப் பல ஆண்டுகளான பின்னும் புற்றுநோய் தோன்றியதுண்டு. அதனால் அவர்களுடைய சிறுநீரைக் காலந்தோறும் பரிசோதிக்க வைத்தியர்கள் வற்புறுத்தினார்கள். சிறுநீரில் இரத்தம் கண்டால், வலியே இல்லாவிட்டாலும், ஒரே முறை கண்டு மறைந்துவிட்டாலும், உடனே வைத்தியரை நாட வேண்டும். அப்போது, மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி உண்ட மாத்திரைகளின் பெயர்களையும், எத்தனை காலம் உண்டோம் என்பதையும், அவர் கேளாமலே சொல்லிவிட வேண்டும்.