துப்பாக்கி இல்லாத கேப்டன்

ராணுவத்தில் ஒரு கேப்டன் வாயைத் திறந்தால் நூறு பேராவது எழுந்து ஓடுவார்கள். ஒரே ஒரு சிப்பாய்க்குக்கூட உத்தரவு போட அதிகாரமில்லாத கேப்டனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? அவர் இடுப்பில் துப்பாக்கியும் கிடையாது. அவரைக் காப்பாற்றத் துப்பாக்கியோடு ஓர் உதவியாள் கூடவே வர வேண்டும்! அமெரிக்க ராணுவத்தில் பாதிரியார்களுக்கு இப்படித்தான் ஏற்பாடு. பதவி உண்டு, சம்பளம் உண்டு. படையை நடத்தும் உரிமை மட்டும் இல்லை.

"சண்டை நடக்கும் இடத்தில் சாமியாருக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். சண்டை போடப் போகிறவர்கள்தானே சாகவும் போகிறார்கள்? சாகக் கிடக்கும் கத்தோலிக்கனிடம் பாவசங்கீர்த்தனம் கேட்டு, நெற்றியில் எண்ணெய் பூசி வழியனுப்பக் குருப்பட்டம் பெற்றவர்தான் வேண்டும். படைத் தலைவரே வந்தாலும் அது ஆகாது.

இந்த வேலைக்கு வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். பெயர் எமில் கபான். 1916 ஏப்ரல் 20-ம் தேதி, அமெரிக்காவின் நட்டநடுவே கான்ஸாஸ் மாகாணத்தில், பில்ஸன் என்ற குக்கிராமத்துக்கு அருகே பிறந்தவர். போஹிமியாவிலிருந்து வந்து குடியேறிய செக் மக்களின் ஊர் அது. தகப்பனார் குடியானவர். பையன் பதினான்கு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, மிஸௌரி மாகாணத்தில் பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்திய கன்ஸெப்ஷன் மடத்துக்குப் படிக்கப் போனான். அங்கே ஆறு வருஷம். பிறகு செயின்ட் லூயிஸ் நகரில் கென்ரிக் குருமடத்தில் நாலு வருஷம். லத்தீன், தத்துவம், வேத சாஸ்திரம் என்று ஆக மொத்தம் பத்து வருஷப் படிப்பு! இவ்வளவும் படித்தால் கலெக்டர் வேலை கிடைக்குமா என்றால், கிடைப்பது கல்யாணம் இல்லாத வாழ்க்கையும், மேற்றிராணியார் எங்கே போகச் சொன்னாலும் போக வேண்டிய கடமையும்தான். 1940 ஜூன் 9-ம் தேதி குருப்பட்டம் பெற்றபோது, மேற்றிராணியாரின் கைகளுக்குள் தம் கைகளை வைத்துக் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்தார்.

மேற்றிராணியார் அவரை அனுப்பியது எங்கே தெரியுமா? சொந்த ஊரான பில்ஸனுக்கே! உள்ளூர் மாடு விலை போகாது என்பார்களே, அந்தச் சங்கடம் அங்கேயும் இருந்தது. நேற்றுவரை அரை டிராயரோடு ஓடிய பையனிடம் கிழவர்கள் போய் எப்படிப் பாவசங்கீர்த்தனம் செய்வார்கள்? பக்கத்தில் ஹெரிங்டன் விமானப்படைத் தளம் இருந்தது. அங்கிருந்த சிப்பாய்களுக்கும் அவர் பூசை வைத்து வந்தார். அவர்களோடு போய்விட வேண்டும் என்று மனம் அங்கேதான் நின்றது.

ஆனால் மனம் நின்றால் போதாது. மேற்றிராணியார் அனுமதி கொடுக்காமல் எந்தக் குருவும் ராணுவத்தில் சேர முடியாது. பங்குகளுக்கே குருக்கள் போதாதபோது எந்த மேற்றிராணியார்தான் மனமுவந்து கொடுப்பார்? கபான் கேட்டார், காத்திருந்தார். 1944-ல் அனுமதி வந்தது. 1945-ல் பர்மா - இந்தியா போர்முனைக்கு அனுப்பினார்கள். அந்தக் காட்டுப் பாதைகளைப் பற்றி, பர்மாவிலிருந்து நடந்தே வந்த நம் மூத்தவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். போர் முடிந்து 1946-ல் ஊர் திரும்பி, வாஷிங்டனில் எம்.ஏ. பட்டமும் வாங்கினார். நிம்மதியாக இருந்திருக்கலாம். 1948-ல் மறுபடி ராணுவம்!

1950 ஜூலையில் கொரியா. ஜீப் வண்டியின் முன்மூடிதான் பூசைப் பீடம். வாயில் எப்போதும் புகைக் குழாய். ஒரு தடவை குண்டு வந்து அதை வாயிலிருந்தே தட்டிக்கொண்டு போயிற்று.

நவம்பர் 1-ம் தேதி சகல புனிதர்களின் திருநாள். அன்று இரவு உன்ஸான் என்ற இடத்தில் சீனப் படை பாய்ந்தது. அமெரிக்கர்களைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். நடக்கக் கூடியவர்கள் தப்பிப் போகலாம் என்று உத்தரவு வந்தது. கபானுக்குக் கால்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் காயம் பட்டவர்கள் பதுங்குகுழியில் கிடந்தார்கள். அவர் போகவில்லை. காயம் பட்டுக் கிடந்தவர்களில் ஒரு சீன அதிகாரியும் இருந்தார். அவரிடம் பேசி, குழியில் இருந்தவர்களைக் கொல்லாமல் சிறைபிடிக்கும்படி சொல்ல வைத்தார்.

வெளியே வந்தால், கணுக்கால் முறிந்து கிடந்த ஹெர்பர்ட் மில்லர் என்ற சார்ஜண்டின் தலைக்கு நேரே ஒரு சீனச் சிப்பாய் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். கபான் நேரே போய் அந்தத் துப்பாக்கியைக் கையால் ஒதுக்கிவிட்டு, மில்லரைத் தூக்கிக்கொண்டார். அந்தச் சிப்பாய் சுடவில்லை. ஏன் சுடவில்லை என்று யாரால் சொல்ல முடியும்?

அடுத்தது யாலு நதிக்கரையில் ப்யோக்டாங் சிறை முகாம். சிறைபட்ட பாதிரியாரைத் தம் மக்களுக்கு ஊழியம் செய்ய விட வேண்டும் என்பது 1949-ல் ஏற்பட்ட ஜெனீவா ஒப்பந்தத்தின் விதி. அந்த முகாமில் ஜெபம் செய்யவே தடை! உறைபனியில், பட்டினியில் தினம் பலர் செத்தார்கள். குருமடத்துப் படிப்பில் இல்லாத வேலைகளையெல்லாம் கபான் அங்கே செய்தார். கூரைத் தகரத்தைத் தட்டிப் பாத்திரமாக்கி வெந்நீர் போட்டார், வயிற்றுக் கடுப்பில் கிடந்தவர்களின் துணியைத் துவைத்தார், பேன் எடுத்தார். ராத்திரியில் போய்த் தானியம் திருடினார். ஆமாம், திருட்டுத்தான்! ஏசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளனை வேண்டிக்கொண்டுதான் கிளம்புவாராம். 1951 மார்ச் 25, ஈஸ்டர் நாளில், தடையை மீறி எல்லோர் நடுவிலும் நின்று ஜெபம் நடத்தினார். மே 23-ம் தேதி, காலில் ரத்தக்கட்டும் நுரையீரல் காய்ச்சலுமாக, கைதிகள் சாவு வீடு என்று அழைத்த இடத்தில் இறந்தார். வயது முப்பத்தைந்து.

பத்து வருஷம் படித்து, பதினோரு வருஷம்கூட நிறையாத குருத்துவம்! நஷ்டக் கணக்கு என்பீர்களா? பில்ஸன் ஊர்ப் பையனிடம் பாவசங்கீர்த்தனம் செய்யக் கூசிய கிழவர்களைவிட, ப்யோக்டாங்கில் அவரைப் பார்த்தவர்களைக் கேட்பதுதான் நியாயம்.

2013 ஏப்ரல் 11-ல் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை அவர் பெயரால் ஜனாதிபதி ஒபாமா வழங்கினார். மில்லர் அன்று வெள்ளை மாளிகையில் உட்கார்ந்திருந்தார். ஹவாய்த் தீவில் பெயர் தெரியாதவராகப் புதைக்கப்பட்டிருந்த கபானின் எலும்புகளை 2021-ல் அடையாளம் கண்டு, விச்சிட்டா நகரப் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். 2025 பிப்ரவரியில் போப் பிரான்சிஸ், புனிதர் பட்டத்துக்கான படிகளில் ஒன்றான 'வணக்கத்துக்குரியவர்' என்ற நிலைக்கு அவரை உயர்த்தினார்.

அந்த முகாமிலிருந்து வந்த சிலுவை ஒன்றும் விச்சிட்டாவில் கபான் பெயர் தாங்கிய பள்ளியில் இருக்கிறது. கபான் இறந்த பிறகு முகாமுக்கு வந்த ஜெரால்ட் பிங்க் என்ற விமானி, மற்றக் கைதிகள் அவரைப் பற்றிச் சொல்லக் கேட்டே, விறகுக் கட்டையில் அதைச் செதுக்கினார். 1953-ல் விடுதலையானபோது கைதிகள் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பிங்க் ஒரு யூதர்.